லாரி காலியாகத் திரும்பிய நாள்

கால்நடை ஆய்வகத்தில் அவள் பத்தொன்பது வருடம் பூச்சி எண்ணினாள். மாட்டுத் தொழுவங்களில் விளக்குப் பொறி கட்டுவாள். விடிந்ததும் போய், விழுந்து கிடக்கும் கொசுவையும் கடிக்கிற ஈயையும் டப்பாவில் அள்ளி வந்து, லென்சுக்கு அடியில் இனம் பிரிப்பாள். எது எங்கே பெருகுகிறது என்று தெரிந்தால்தான் நோய் வரும் வழியை அடைக்க முடியும். 'பூச்சிக்காரி' என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். அவள் கோபித்துக்கொண்டதில்லை.

ஒரு பொறி அண்ணன் தொழுவத்தில் இருந்தது. அன்று காலை அதைக் கழற்றப் போனவள், ஓரத்தில் நின்ற சிவப்புப் பசுவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். கழுத்தெல்லாம் கோலிக்குண்டு அளவில் கட்டிகள். தொட்டால் உடம்பு கொதித்தது.

"எத்தனை நாளாண்ணே இப்படி?"

"கொசு கடிச்ச தடிப்பும்மா. ரெண்டு நாள்ல அமுங்கிடும்."

"தடிப்பு இல்லண்ணே, இது அம்மை. ஈயும் கொசுவுமே மாட்டுக்கு மாடு கொண்டுபோயிடும்."

வாசலில் லாரி நின்றது. முட்டிவலி தாங்காமல் அண்ணன் ஆறு மாடுகளை ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பெரிய பண்ணைக்குக் கொடுக்கப் பேசியிருந்தார்.

"அந்த ஒண்ண விட்டுட்டு மத்ததை ஏத்திடறேன். அதுங்க நல்லாத்தானே இருக்கு?"

"உள்ள இருக்கிறது வெளிய தெரிய வாரக்கணக்கா ஆகும்ணே. அங்க இருநூறு மாடு நிக்குது."

"பூச்சி எண்ணுறதுதான் உன் வேலை. மாட்டைப் பாக்க டாக்டர் இருக்காரு. நீ எதையும் பாக்கலன்னு போயிடு."

அவள் அவர் முன்னாலேயே டாக்டருக்குப் போன் செய்தாள். லாரி காலியாகத் திரும்பியது.

சுற்றுவட்டாரம் முழுக்க ஊசி போட்டார்கள், மருந்தடித்தார்கள், சந்தையை மூடினார்கள். அண்ணன் தொழுவத்தில் மூன்று மாடுகள் செத்தன. சுண்ணாம்பு கொட்டிக் குழியை மூடும்வரை அவளும் நின்றாள். அண்ணன் முகம் கொடுக்கவில்லை. பெரிய பண்ணையில் ஒரு மாட்டுக்கும் கட்டி வரவில்லை; அதற்காக அவளிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. அண்ணிதான் வேலிவரை வந்து, "அவரு மனசு ஆறட்டும். நீ வர்றத நிறுத்திடாத" என்றாள்.

ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. ஒரு மத்தியானம் ஆய்வக வாசலில் அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"ஒரு கன்னுக்குட்டி வாங்கப் போறேன். ஊசி போட்டதான்னு நீ வந்து பாத்துச் சொல்றியா?"

"அதுக்கு டாக்டர் இருக்காரேண்ணே" என்று நாக்கு நுனிவரை வந்தது. லென்சை மூடி வைத்துவிட்டு அவரோடு கிளம்பினாள்.