ஆளில்லாத அறைக்கு லைற்

கலியாணமான புதிதில் என் கணவர் வாசிக்கத் தந்த நாவலில் கதாநாயகன் காதலிக்காகக் கடல் கடந்து போய்ச் செல்வம் சேர்ப்பான். அவளுக்கென்று மாளிகை கட்டி முடித்த அன்று செத்துப்போவான். அவள் அந்த மாளிகையில் அவனை நினைத்தபடியே காலம் கழிப்பாள். அவ்வளவு பெரிய வீட்டை யார் கூட்டியது என்று நாவலாசிரியர் ஓரிடத்திலும் சொல்லவில்லை. அப்போது எனக்கும் அது தோன்றவில்லை. விக்கி விக்கி அழுதேன்.

அடுத்த வருடம் அவர் கனடா போனார். முதலில் என்னைக் கூப்பிடப் பேப்பர் சரிவரவில்லை. சரிவந்தபோது படுக்கையில் கிடந்த மாமியை விட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அப்படியே இருபது வருடத்துக்கு மேல் தொலைபேசியில் குடும்பம் நடத்தினோம். குறை சொல்லக்கூடாது, தொலைபேசியில் அவரைப்போல ஒரு கணவர் எங்கள் உடுவில் ஊரில் வேறு யாருக்கும் வாய்க்கவில்லை. "சாப்பிட்டீரோ? உங்கை மழையோ?" என்று தொடங்கினால் நேரம் போவதே தெரியாது. இடையிடையே நாவல் வசனமும் வரும். அவர் அனுப்பிய காசில் மாடி வீடு எழும்பியது. குளியலறை மட்டும் நாலு. மாமியும் கண்மூடியபின் அதற்குள் நானும் பல்லிகளும்தான்.

இந்த வருடம் வேலையை விட்டுவிட்டு வந்தார். ஒத்துவந்தால் இருப்பது, இல்லாவிட்டால் மாரிமழை முடியக் கனடாவுக்குத் திரும்புவது என்று திட்டம். ரிக்கற் மேசை லாச்சிக்குள் கிடந்தது.

பொழுதுபட்டால் எல்லா அறைக்கும் லைற் போடுவது என் வழக்கம். இருண்ட வீட்டைக் கண்டால் லட்சுமி வரமாட்டாள், கள்ளன் வருவான். நான் போட்டுக்கொண்டு போக, அவர் பின்னால் ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தார்.

"ஆளில்லாத அறைக்கு ஏனப்பா லைற்?"

"ஆளில்லாதபடியாத்தான்."

அந்தக் கிழமை முழுக்க நாங்கள் அதற்குமேல் கதைக்கவில்லை. சாப்பிடும்போது அவர் சோற்றுக் கோப்பையைப் பார்ப்பார், நான் காற்றாடியைப் பார்ப்பேன். கலியாணமான காலத்தில் குடித்தமாதிரியே சீனி போட்டுத் தேத்தண்ணி கொடுத்தேன். சொட்டு விடாமல் குடித்தார். அவருக்குச் சீனி வருத்தம் என்பது மாத்திரைப் பெட்டியைப் பார்த்தபிறகுதான் தெரிந்தது. அந்த நாவல் கதாநாயகன் சாகாமல் வந்து சேர்ந்திருந்தால் அவனும் அவளும் என்ன கதைத்திருப்பார்கள் என்று யோசித்தேன். இவர் போய்விடுவாரோ என்று பயமாக இருந்தது.

ஒரு மழை நாள் பின்னேரம் வெள்ளெனவே, இருட்டமுன் சாப்பிட்டுவிட்டு மேலே போனார். நான் குசினியில் சட்டி கழுவிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. அவருடைய கனடா நம்பர்.

"சாப்பிட்டீரோ?"

சற்று முன்புதான் அவருக்குப் புட்டுப் போட்டுக்கொடுத்து, எதிரே இருந்து நானும் சாப்பிட்டிருந்தேன்.

"ஓம். நீங்கள்?"

"நானும். உங்கை மழையோ?"

"நல்ல மழை. அங்கை?"

"இஞ்சையும் மழைதான்."

பிறகு கதைத்தோம், கதைத்தோம், அப்படிக் கதைத்தோம். பக்கத்து வீட்டு ஆடு என் செவ்வரத்தைப் பூச்செடியைத் தின்றதைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பு போனிலும் கேட்டது, படிக்கட்டு வழியாகவும் கேட்டது. சிரித்து ஓய்ந்து கேட்டார்.

"நான் திரும்பிப் போகாமல் இஞ்சையே நிக்கட்டோ?"

எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நில்லுங்கோ," என்றேன். "போனை மட்டும் வையாதேங்கோ."