வாஷர் வைக்காத அங்கி

சபையில் அவளுக்குப் பத்துக் கட்டளை என்று பட்டப்பெயர். நேரில் பார்த்தால் எல்லாரும் அக்கா என்பார்கள். முதுகு திரும்பினால் பத்துக் கட்டளை. அது அவளுக்கும் தெரியும். உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. ஞாயிற்றுக்கிழமை வந்தால் தையல் மிஷினுக்கு உறை போட்டு மூடிவிடுவாள். அறுந்த பொத்தானைக்கூடத் தைக்க மாட்டாள். வாடிக்கைக்காரர் கொடுத்த துணியில் விரலகலம் மீந்தாலும் சுருட்டிக் கையில் கொடுத்துவிடுவாள்.

ஞானஸ்நானம் பெறுகிறவர்களுக்கு வெள்ளை அங்கி தைப்பது பதினெட்டு வருஷமாக அவளுடைய ஊழியம். அதில் ஒரு சூட்சுமம் உண்டு. தொட்டித் தண்ணீரில் இறங்கினால் அங்கி குடைபோல விரிந்து மேலே மிதக்கும், மானம் போய்விடும். அதனால் அடிமடிப்புக்குள் சுற்றிலும் கனத்துக்காக எட்டு இரும்பு வாஷர்களை வைத்துத் தைப்பாள். பார்த்தால் தெரியாது. தொட்டால்தான் தெரியும்.

ஒரு செவ்வாய்க்கிழமை போதகர் அளவுச் சீட்டோடு வந்தார்.

"நாலு பேரு அக்கா. மூணு பேர் நம்ம சபைப் பிள்ளைங்க. நாலாவது..." என்று இழுத்தார். "பாய்லர்க்காரர்."

கத்தரிக்கோல் பாதித் துணியில் நின்றுபோயிற்று.

பதினாலு வருஷத்துக்கு முன்னால், சலவை ஆலையில் பாய்லர் வெடித்தது. பக்கத்தில் துணி தேய்த்துக்கொண்டிருந்த அவள் கணவர் ஆவியில் வெந்து செத்தார். பாய்லரைப் பார்க்க வேண்டியவன் தூங்கிப்போனான் என்று ஆலைக்கே தெரியும். வாய் திறக்கத்தான் ஆளில்லை. அன்றைக்கே நடந்த விசாரணையில் அவன் கூசாமல் சொன்னான்: "அவருதான் குடிச்சிட்டு வந்து வால்வைத் திருகினார்." சாராய வாசனை தூரத்தில் வந்தாலே மூக்கைப் பொத்துகிற மனுஷன் அவர். செத்தவன் எழுந்து வந்து எதிர்வழக்காட முடியுமா? அடக்க ஆராதனையில் பின்வரிசையில் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவள் காதுக்குள் குளவிபோலக் கூடு கட்டிக்கொண்டது.

"பொய்ச்சாட்சி சொன்னவனுக்கு வெள்ளை அங்கியா, ஐயா?"

"மனந்திரும்பிட்டார் அக்கா. ரட்சிப்பு என்ன, வேலை பாத்து வாங்கற கூலியா? விசுவாசிச்சு வர்றவங்களுக்குச் சும்மா கொடுக்கறதுதானே கிருபை?"

"அப்ப நான் ஒரு கட்டளை தப்பாம நடந்ததெல்லாம் எதுக்கு? எல்லாத்தையும் மீறினவன் கடைசியில வந்து சட்டமா என் பக்கத்துல உக்காருவானா?"

"யாரால அக்கா அந்தப் பத்தையும் முழுசாக் காக்க முடியும்?"

"சீட்டை வச்சிட்டுப் போங்க. நான் தைக்கறேன்."

தைத்தாள். மூன்று அங்கிகளுக்கு வாஷர் வைத்தாள். நாலாவதை வெறுமனே மடித்து அடித்தாள். ஒவ்வொரு தையலுக்கும் பல்லைக் கடித்தாள். சபையே பார்க்கட்டும். என் மனுஷனைத் தலைகுனிய வைத்தவன் தொடை தெரிய நிற்கட்டும்.

அவளோடு இருந்த நாத்தனார் காப்பி கொண்டுவந்து மேஜையைப் பார்த்தாள்.

"அண்ணி, எட்டு வாஷர் மீந்து கிடக்கே?"

"எனக்கு எண்ணத் தெரியும்."

நாத்தனார் புரிந்துகொண்டாள். "எங்க அண்ணனைக் குடிகாரன்னானே, அவனுக்கா? இன்னும் கொஞ்சம் லேசான துணியா எடுத்திருக்கலாமே அண்ணி!"

ஞாயிற்றுக்கிழமை இருவரும் முன்வரிசையில் போய் உட்கார்ந்தார்கள். மூன்று பேர் முங்கி எழுந்து போனார்கள். பாய்லர்க்காரன் தொட்டிக் கரையில் நின்று சாட்சி சொன்னான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது.

"அன்னிக்கு நான் தூங்கிட்டேன். அந்த அண்ணன் குடிக்கல. அவர் குடிச்சதே இல்ல. வேலை போயிடும்னு பயந்து அவர் மேல பழியைப் போட்டேன்."

பதினாலு வருஷமாகக் காத்திருந்த வார்த்தை. வந்தபோது இனிக்கவில்லை. 'இப்ப சொல்றியா? அவர் காதுல விழுமா?' என்று அவள் நெஞ்சு கொதித்தது. கண் அவன் அங்கியின் அடிமடிப்பைவிட்டு நகரவில்லை.

அவன் இறங்கினான். அங்கி குபுக்கென்று காற்றை அடைத்துக்கொண்டு மார்புவரை எழும்பியது. ஒட்டுப்போட்ட அரைக்கால் சட்டையும் குச்சிக் கால்களும் தொட்டியின் கண்ணாடி வழியே பளிச்சென்று தெரிந்தன. போதகர் ஒருபக்கம் அமுக்கினால் மறுபக்கம் கிளம்பியது. அவனோ கைகளை நெஞ்சில் கட்டி, கண்ணை மூடி, ஒரு விரலைக்கூட அசைக்காமல் நின்றான்.

"பாருங்க அண்ணி, நல்லாப் பாருங்க!" என்று நாத்தனார் இடித்தாள்.

பின்வரிசையில் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அதே சிரிப்பு. குளவி உள்ளேயிருந்து கொட்டியது. இத்தனை வருஷம் அவள் வெறுத்த அந்தச் சிரிப்பை இன்று அவள் கையாலேயே தைத்துக் கொண்டுவந்திருக்கிறாள். அவன் நாக்கால் செய்ததை அவள் ஊசியால் செய்திருக்கிறாள்.

எப்படி எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. சேலையோடு படியில் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நின்று, அங்கியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுத்தாள். போதகர் ஒரு கணம் திகைத்தார். பிறகு அவனை முக்கி எடுத்தார்.

உடை மாற்றும் அறை வாசலில் அவன் நனைந்த அங்கியை நீட்டினான்.

"உள்ள வாஷர் இல்லைன்னு போடும்போதே தெரியும் அக்கா. மத்தவங்க அங்கியைத் தொட்டுப் பாத்தேன்."

"தெரிஞ்சும் ஏன்டா போட்ட?"

"எனக்கு வரவேண்டியதுதானேன்னு போட்டேன்."

"உனக்கு என்ன வரணும்னு முடிவு பண்ண நீ யாரு? நான்தான் யாரு?" என்று சீறினாள். "உன்னை மன்னிச்சிட்டேன்னு நினைச்சுக்காதே. இன்னும் எரியுது."

"சரி அக்கா" என்றான். அவள் சேலையிலிருந்தும் அவன் தலையிலிருந்தும் தண்ணீர் ஒரே இடத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து சேலை மாற்றினாள். அங்கியைக் கொடியில் போடப் போனவள் நின்றாள். 'ஆண்டவரே, எனக்கு மன்னிக்க வரல. பத்துல ஒண்ணைக்கூட நான் காக்கலன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. அவனுக்குச் சும்மா கொடுத்ததை எனக்கும் கொடும்.' அவ்வளவுதான் ஜெபம். பிறகு ஈர அங்கியைப் பிழிந்து மடியில் போட்டுக்கொண்டு மிஷின் முன்னால் உட்கார்ந்து, உறையைக் கழற்றினாள்.

நாத்தனார் ஓடிவந்தாள். "ஐயையோ, அண்ணி! இன்னிக்கு ஞாயித்துக்கிழமை!"

"தெரியும்" என்றாள் பத்துக் கட்டளை. "அந்த எட்டு வாஷரையும் எடுத்துட்டு வா."