சத்தமில்லாமல் ஒரு சிரிப்புப் பயிற்சி

அப்பா இறந்த பிறகு அம்மா இன்றுதான் வெளியே வந்தாள். பக்கத்து குவார்ட்டர்ஸ் மல்லிகா ஆன்ட்டி விடாமல் கூப்பிட்டு, எங்கள் பிளாக் பூங்காவில் காலையில் நடக்கும் சிரிப்புப் பயிற்சிக்கு அழைத்துப் போனார்.

எல்லோரும் வட்டமாக நின்று ஹா ஹா என்றார்கள். நானும் சொன்னேன். கண்டக்டரிடம் ஊர்ப் பெயர் சொல்வது போல இருந்தது.

அம்மா மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு தோளைக் குலுக்கினாள்.

"சத்தமா சிரிங்கம்மா" என்றார் பயிற்சி நடத்துகிறவர். மல்லிகா ஆன்ட்டியின் கணவர், ரிட்டயர் ஆனவர்.

"வேணாங்க. அவரு நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வந்து தூங்கினு இருப்பாரு."

கல்யாணமான நாள் முதல் பகலில் பாத்திரம்கூட ஓசைப்படாமல் கழுவிப் பழகியவள். என்ன சொன்னோம் என்பது அவளுக்கு இன்னும் உறைக்கவில்லை.

"எங்க வூட்லயும் நைட் ஷிப்ட்டுதான். மெதுவாவே சிரிப்போம்" என்றார் மல்லிகா ஆன்ட்டி. எதிரில் நின்ற அவர் கணவர், "ஆமாங்க" என்று தலையாட்டினார்.

அதன் பிறகு எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டே சிரித்தோம். எனக்கு அழுகைகூட வரவில்லை.

நாளைக்கும் போகலாம் என்கிறாள் அம்மா. சத்தம் வராத சிரிப்பால் உடம்புக்குப் பலன் உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.