பேச்சியம்மாவுக்குப் போட்ட மாலை

என் கணவர் அழகுமுத்துவைப் பற்றி அட்டனில் யாரைக் கேட்டாலும் நல்ல மனுஷன் என்பார்கள். நல்ல மனுஷன்தான், வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பிய நல்ல மனுஷன். அவருக்கும் சேர்த்து நானே கோபப்பட்டு என் வாய் இப்படி ஆகிவிட்டது.

பூண்டுலோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். இலங்கையில் எங்கள் தோட்டத்துச் சனத்தின் குடியுரிமையைப் பறித்துச் சட்டம் வந்தபோது கண்டியில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோர்த்துக்கொண்டிருந்தார். அந்தச் செய்தியையும் அவர் கைதான் கோர்த்தது. "நம்மளப் பத்தி ஊரு உலகமே எழுதுது வடிவு, நாம மட்டுந்தான் எழுதல" என்று அன்றைக்குப் புலம்ப ஆரம்பித்தவர், சில வருஷத்தில் என்னையும் இழுத்துக்கொண்டு அட்டனுக்கு வந்துவிட்டார். பஜாரில் சரிபுதீன் நானாவின் துணிக்கடைக்குப் பின்னால் ஓர் அறை. அதில் காலால் மிதித்து ஓட்டும் பழைய அச்சு மெஷின் ஒன்று. கல்யாணப் பத்திரிகையும் திருவிழா நோட்டீசும் அடித்து வந்ததையெல்லாம் 'மேட்டுலயம்' என்ற மாத இதழ் தின்று தீர்த்தது.

ஞாயிற்றுக்கிழமை எழுதுகிறவர்கள் வருவார்கள். பொகவந்தலாவை, வலப்பனை என்று எங்கிருந்தெல்லாமோ பஸ் ஏறி வந்து, அச்சான தாள்களைச் சுற்றி உட்கார்ந்து மடிப்பார்கள், ஊசி நூலால் தைப்பார்கள். கை வேலை செய்யும், வாய் சண்டை போடும். இது கவிதையா, அது கதையா என்று கூரை பறக்கும். மடித்தவர்களுக்குச் சோறு போடுவது என் பாடு. கருவாட்டுக் குழம்பு வைத்த அன்றைக்கு மட்டும் இலக்கியம் கொஞ்சம் அடங்கும். வாய்க்கு வாய் திட்டினாலும் அந்தக் கூட்டத்தை எனக்குப் பிடிக்கும்.

எல்லாரும் தோட்டங்களில் வேலை செய்கிறவர்கள், ஒருவரும் சொந்தப் பெயரில் எழுதவில்லை. எழுதியது யார் என்று தோட்டத்தை நடத்தும் துரைக்குத் தெரிந்தால் பத்துச்சீட்டுதான். அந்தச் சீட்டு கைக்கு வந்தால் வேலை போகும், வேலையோடு குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போகும். அதனால் பெயர்கள் அந்த அறையைத் தாண்டக் கூடாது என்று என் கணவர் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தார்.

பேச்சியம்மா பொகவந்தலாவையில் கொழுந்து எடுக்கிறவள். எழுதத் தெரியாது. அவள் பாடுவாள், நான் எழுதுவேன், 'மலைக்குருவி' என்ற பெயரில் வரும். கொழுந்து நிறுக்கும்போது ஈரம் என்றும் கூடை என்றும் சொல்லி ராத்தல் ராத்தலாகக் கழித்துக்கொள்ளும் கதையை ஒரு தடவை பாட்டாகக் கட்டினாள். அது தோட்டம் தோட்டமாகப் பரவி, மலையில் நிற்கிற பெண்கள் எல்லாரும் பாட ஆரம்பித்துவிட்டார்கள். யார் அந்த மலைக்குருவி என்று அவளுடைய தோட்டத்துப் பெரிய கங்காணி வலைபோட்டுத் தேடினார்.

அதே தோட்டத்து ஆள்தான் செல்லசாமி. கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் எடுபிடி வேலை. தேன் ஒழுகப் பேசுவான். ஞாயிறு தவறாமல் வந்து என் கையால் சாப்பிட்டவன். இதழின் ஆண்டு விழாவைத் தன் தோட்டத்தில் வைக்க வேண்டும் என்று அவன்தான் கிளப்பிவிட்டான்.

"நம்ம சனத்துக்கு முன்னாடி செஞ்சாத்தாண்ணே மதிப்பு. பெரிய கங்காணியத் தலைமைக்குக் கூப்பிட்டா மைதானமும் கெடைக்கும்."

தோட்டத்தில் பெரிய கங்காணியைக் கூப்பிடாமல் காமன் கூத்துகூட நடக்காது. அதனால் என் கணவரும் சம்மதித்தார். ஆனால் யார் பெயரும் வெளியே வரக் கூடாது, மாலை போடுவதென்றால் இதழுக்குப் போடுங்கள் என்றார். செல்லசாமி தலையை ஆட்டினான்.

விழாவுக்கு மலையே திரண்டு வந்தது. மலைக்குருவியின் பாட்டை யாரோ பாடி முடிக்க, செல்லசாமி மைக்கைப் பிடித்தான். "இந்தப் பாட்டக் கட்டுன நம்ம பேச்சியம்மா அக்காவ மேடைக்கு அழைக்கிறேன். ஐயா கையால மாலை வாங்கிக்கணும்."

பேச்சியம்மா எழுந்திருக்கவில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் கைதட்டி, பெருமையோடு அவளைத் தள்ளிவிட்டார்கள். பெரியவர் கையால் வருகிற மாலையை வேண்டாம் என்று சொல்வது எங்கள் சனத்தில் நடக்கிற காரியமா? ஏறினாள். கங்காணி சிரித்துக்கொண்டே மாலையைப் போட்டார். "நம்ம தோட்டத்துலயே இப்பிடியொரு கெட்டிக்காரியா? இத்தன நாளாத் தெரியாமப் போச்சே."

அந்த வாரமே அவளுக்கும் அவள் புருஷனுக்கும் பத்துச்சீட்டு. தகரப்பெட்டியும் பாயுமாக எங்கள் அறைக்கு வந்து சேர்ந்தார்கள். காகித அடுக்குகளை ஒதுக்கி இடம் பண்ணிக் கொடுத்தோம்.

செல்லசாமியும் வந்தான். "கௌரவப்படுத்தத்தாண்ணே கூப்பிட்டேன். இப்பிடி ஆகும்னு நான் என்னத்தக் கண்டேன்?"

என் கணவர் அதையும் நம்பினார். "தெரியாமச் செஞ்சிருப்பான் வடிவு." எனக்கு வந்த கோபத்தில் சோற்றுப் பானையை ணங்கென்று வைத்தேன். தீபாவளிக்கு முன்னால் அவனுக்குக் கணக்கப்பிள்ளை வேலை கிடைத்த செய்தி வந்தது. அன்றைக்குத்தான் மெஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்தார். "கூட இருந்தே குழி பறிச்சிட்டானே" என்று சொன்னவர் அப்புறம் சாப்பிடவே இல்லை.

அத்தோடு விட்டானா? பெரிய கங்காணியைப் போஷகராக வைத்து எழுத்தாளர் சங்கம் ஒன்று தொடங்கினான். கூட்டம் அட்டனில், அதுவும் ஞாயிற்றுக்கிழமையில். நம்ம பிள்ளைகள் போக மாட்டார்கள் என்றார் என் கணவர்.

அந்த மாத இதழுக்குப் பேச்சியம்மா புதுப் பாட்டு ஒன்று சொன்னாள். எழுதி முடித்து, கீழே மலைக்குருவி என்று போடப் போனேன். தடுத்துவிட்டாள்.

"எம் பேரையே போடுங்கக்கா. இனிமே பறிக்கிறதுக்கு எங்ககிட்ட என்ன இருக்கு?"

ஞாயிற்றுக்கிழமை தாள்கள் தயாராக இருந்தன. வழக்கம் போலப் பெரிய பானையில் சோறு வடித்தேன். பஸ்கள் வந்தன, போயின. ஒருவரும் வரவில்லை. வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். வெள்ளை வேட்டியும் சட்டையுமாக நம் கூட்டம் எதிர்ச்சாரியில் நடந்து போகிறது. கடைசியாக வீரய்யா. அவனுடைய முதல் கதையை மூன்று தடவை திருத்தி அச்சேற்றியவர் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்.

தெருவைத் தாண்டிப்போய் அவன் முன்னால் நின்றேன். "உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்றியேடா, நீ வெளங்குவியா?"

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "எனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்கு அக்கா. எனக்கும் காம்பரா வேணுமில்ல?"

அறைந்திருப்பேன். கை எழவில்லை. திரும்பி வந்தேன். உள்ளே பேச்சியம்மாவும் அவள் புருஷனும் மடித்துக்கொண்டிருந்தார்கள். என் கணவர் ஊசியில் நூல் கோர்த்தபடி ஆவலாக நிமிர்ந்தார்.

"யாரு வடிவு, நம்ம ஆளுங்களா?"

"இல்லீங்க" என்றேன். "யாரோ தெருவுல போறவங்க."