காரணம் எழுத இடமில்லை

கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்க்கும் கம்பெனிக்கு, வருகைப் பதிவு புரோகிராம் ஒன்றை ஆசையாக எழுதிக் கொடுத்தேன். புரோகிராம் என்றால் சுருக்கமாக இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

பேக்கிங்கில் இருந்த மேரியக்கா, "லேட்டுக்குக் காரணம் எழுத ஒரு எடம் வெய்யி தம்பி. ஆரம்பாக்கத்துல ட்ரெயினு லேட்டானா நான் இன்னா பண்ணுவேன்?" என்று கேட்டார்.

"அதெல்லாம் வெச்சா அசிங்கமாயிடும்க்கா" என்று சிரித்தேன்.

இரண்டே மாதத்தில், அடிக்கடி தாமதமாக வருபவர்கள் என்று என் புரோகிராம் எடுத்துக் கொடுத்த பட்டியலில் அவர் பெயர்தான் முதலில் இருந்தது. வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

கேட்டருகே என்னைப் பார்த்தவர், "மிஷினுக்குத் தெரியாது. நான் சொல்லச்சொல்ல நீ கேட்டுக்கினுதான இருந்த?" என்றார்.

மறுநாளே புரோகிராமில் காரணம் எழுத அந்த இடத்தைச் சேர்த்தேன். பத்து நிமிட வேலைதான். மேனேஜர் பாராட்டினார். அந்தப் பாராட்டை இன்றுவரை வீட்டில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.