பொட்டு வைத்த அலாரப் பெட்டி

எனக்கு எண்பத்தொரு வயது நடக்கிறது. ஆறு பேரை வளர்த்தேன். நாலு நான் பெற்றவை, இரண்டு என் தங்கை விட்டுவிட்டுப் போனவை. ஒன்றையும் பசியோடு படுக்க வைத்ததில்லை, ஒன்றையும் அடுத்த வீட்டு வாசலில் நிற்க விட்டதில்லை. எனக்குக் கையெழுத்துப் போட வரும். பஸ் போர்டை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். அதற்கு மேல் கிடையாது. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். அவசரப்படாதே என்று சொல்லியிருக்கிறேன்.

செங்கம் ரோட்டுப் பக்கம் ஒரு நர்சிங் ஹோமில் நான் ஆயாவாக இருந்தேன். ஊரில் ஒன்றிரண்டு மாடி வீடுகளில் டி.வி. ஆன்டெனா முளைத்த காலம். நான் துடைத்த தரையில் முகம் பார்க்கலாம். டாக்டரே வந்தவர்களிடம் அப்படிச் சொல்வார். இப்போது அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

அப்போதெல்லாம் கரண்ட் சொல்லாமல் கொள்ளாமல் போகும். அதற்காக டாக்டர் ஒரு பெரிய ஜெனரேட்டர் வாங்கிப் பின்பக்கக் கொட்டகையில் வைத்தார். கூடவே ஒரு தகரப் பெட்டி வந்தது. அதைப் பிரசவ அறைக்கு எதிர்ச் சுவரில் மாட்டினார்கள். முகத்தில் பச்சை பல்பு ஒன்று, சிவப்பு பல்பு ஒன்று, தலைமேல் ஒரு மணி. மாட்ட வந்த மெட்ராஸ்காரர் எங்கள் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்துச் சொன்னார்.

"பச்சை எரிஞ்சா மெஷின் ரெடி. சிவப்பு எரிஞ்சு மணி அடிச்சா பேட்டரி கம்மி, இல்லைன்னா ஆயில் கம்மி. உடனே பாக்கணும். பாக்காம உட்டீங்கன்னா கரண்ட் போற அன்னைக்கு மெஷின் கிளம்பாது."

இதில் புரியாமல் போக ஒன்றுமில்லை. எல்லாரும் தலையாட்டினோம்.

மணிதான் முதலில் போனது. வாரம் ஒரு தடவை பட்டனை அழுத்தி மணி அடிக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். டாக்டரின் கார் ஓட்டுகிறவர்தான் ஜெனரேட்டரையும் பார்த்துக்கொண்டார். அவர் ஒரு காலையில் பட்டனை அழுத்தினார். எங்கள் பக்கம் சாவு வீட்டில் சங்கு ஊதி, சேகண்டி அடிப்பார்கள். பெட்டியின் மணி அச்சு அசலாக அந்தச் சேகண்டி. உள்ளே ஒரு பெண் வலியெடுத்துக் கிடந்தாள். அவள் மாமியார் தலைமுடி அவிழ வெளியே ஓடி வந்தாள்.

"எம் மருமவ இன்னும் பெக்கவே இல்ல, அதுக்குள்ள சேகண்டி அடிக்கிறீங்களே, நீங்கல்லாம் நல்லா இருப்பீங்களா?"

"அது மெஷின் மணிம்மா" என்றார் டிரைவர்.

"மெஷினுக்கு ஏன்யா சாவு மணி? உன் மெஷினு செத்துப்போச்சா?"

அந்த வலியோடேயே மருமகளை ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். அடுத்தடுத்த வாரங்களிலும் இப்படியே சண்டை. டாக்டர் கெட்டவர் இல்லை. பயந்தால் நோயாளிக்குத்தான் கெடுதல் என்றார், சிவப்பு பல்புதான் இருக்கிறதே, கண்ணால் பார்த்துக்கொள்ளலாம் என்றார். டிரைவர் மணிக்கும் அதன் நாக்குக்கும் நடுவில் ஒரு பழந்துணியைத் திணித்தார். மணி வாயடைத்துப்போயிற்று.

பிறகு ஆயுத பூஜை வந்தது. ஆஸ்பத்திரியில் அதைக் குறைவில்லாமல் செய்வோம். பொரி, சுண்டல், வாசலில் பூசணிக்காய். கத்திரிக்கோல் முதல் கார் வரைக்கும் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். டிரைவர் ஜெனரேட்டருக்கு மாலை போட்டார். அலாரப் பெட்டிக்கு வந்ததும் இரண்டு பல்புகளின் மேலும் கட்டைவிரலால் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார். பார்க்க இரண்டு கண்ணும் திறந்த அம்மன் முகம் போலவே இருந்தது. நானும் கும்பிட்டேன். சாமிக்கு வைத்த பொட்டை எங்களில் யாரும் துடைக்க மாட்டோம். அது தானாகக் காய்ந்து உதிர வேண்டும். டாக்டர் கார் விளக்கில் போன வருஷத்துப் பொட்டுக்கு மேல் இந்த வருஷத்துப் பொட்டு இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் ஜெனரேட்டர் வைத்திருக்கும் இடங்களைப் பார்வையிட ஓர் அதிகாரி வந்தார். பெட்டி இருக்கிறதா என்றார். இருக்கிறது என்றார்கள். வந்து பார்த்தார். பொட்டைக் கண்டதும் கால் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். கையால் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். காப்பி குடித்துவிட்டுப் போனார். அவர் செருப்பு இருந்த இடத்தில் மண் விழுந்திருந்தது. அதை நான்தான் கூட்டினேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. அதிசயமாக, பூஜைக்குப் பிறகு ஒரு தடவைகூடக் கரண்ட் போகவில்லை, ஜெனரேட்டருக்கு வேலையும் வரவில்லை. என் பெரிய மகளுக்கு அது தலைப்பிரசவம். நாள் நிறையுமுன்பே வலி கண்டு, அந்த ஆஸ்பத்திரியிலேயே பெண் குழந்தை பிறந்தது. என் உள்ளங்கைக்கும் கொஞ்சம் கூடுதலான நீளம். அழுகை பூனைக்குட்டி மாதிரி. குறைமாதப் பிள்ளைகளை வைப்பதற்கு எங்களிடம் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. அடியில் பல்புகள் எரியும், அந்தச் சூட்டில்தான் பிள்ளை தேறும். அதில் வைத்தோம்.

டாக்டர் என்னிடம் மறைக்கவில்லை. "சூடு இருந்தா பொழைச்சுக்கும் ஆயாம்மா. சூடு போச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்.

சூடு இருந்தது. நாலைந்து நாள் நன்றாகவே இருந்தது. பஞ்சை நனைத்துப் பால் விட்டால் சப்பியது. என் மகள் சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து கண்ணாடி வழியாகப் பார்ப்பாள். "யாரு ஜாடைம்மா?" என்பாள். "மூக்கு எங்க வூட்டு மூக்கு, கோவம் உன் மாமியா வூட்டுக் கோவம்" என்பேன். சிரித்தால் தையல் வலிக்கிறது என்று திட்டுவாள்.

ஒரு நாள் காலையில் காற்றும் மழையுமாக அடித்தது. ரோட்டோரப் புளியமரம் கம்பி மேல் சாய்ந்து கரண்ட் போயிற்று. எங்களுக்குப் பயமில்லை. டிரைவர் குடை பிடித்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார். ஜெனரேட்டர் ஒரு தடவை முனகியது. அப்புறம் அதுவும் இல்லை.

அவர் ஓடி வந்து அலாரப் பெட்டி முன்னால் நின்றார். நகத்தால் சந்தனத்தைச் சுரண்டினார். அடியில் சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது. நன்றாகக்கூட எரியவில்லை, அணையப்போகும் ஊதுவத்தி மாதிரி. எத்தனை நாளாக எரிகிறதோ, யாருக்குத் தெரியும்! மணியும் தன்னால் முடிந்தவரை துணியில் முட்டிக்கொண்டுதான் கிடந்திருக்கும்.

டாக்டர் கார் பேட்டரியைக் கழற்றி மாட்டிப் பார்த்தார்கள். அது அந்தப் பெரிய மெஷினுக்குப் போதவில்லை. லாரி பேட்டரி வேண்டும் என்று டிரைவர் மழையில் ஓடினார்.

நர்ஸ் மண்ணெண்ணெய் அடுப்பில் வெந்நீர் வைத்து, குளுகோஸ் பாட்டிலில் ஊற்றி, துணி சுற்றித் தொட்டிக்குள் வைத்தாள். பாட்டில் ஆறுகிற வேகத்துக்கு அடுப்பு ஈடு கொடுக்கவில்லை. பிள்ளையின் பாதம் நீலம் பாரித்தது. நான் ரவிக்கையை அவிழ்த்துப் பிள்ளையை மார்போடு போட்டு, மேலே புடவையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். ஆறு பேர் கிடந்த மார்பு, அதற்கா சூடு இருக்காது என்று நினைத்தேன். பிள்ளை தலையைத் திருப்பிற்று. விரல் என் தாலிக்கயிற்றில் பட்டது, அதைப் பிடித்துக்கொண்டது. மூச்சு என் தோலில் பட்டுப் பட்டுப் போயிற்று. என் மகள் கட்டிலில் இருந்தபடி கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"பால் கேக்குதாம்மா?"

"தூங்குது. நீ படு."

மத்தியானத்துக்குப் பிறகு, எப்போது என்று தெரியவில்லை, மூச்சு படவில்லை. நர்ஸ் காது வைத்துப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். டாக்டர் வந்து முதுகைத் தேய்த்தார், வாயில் ஊதினார். அப்புறம் தள்ளி நின்றார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு டிரைவர் ஒரு பாயைக் கூட்டிக்கொண்டு வந்தார். பாய் ரயில்வே கேட் பக்கம் லாரி வைத்திருந்தவர். லோடு ஏற்றி நின்ற லாரியிலிருந்து பேட்டரியைக் கழற்றித் தோளில் சுமந்து வந்திருந்தார். அதை மாட்டியதும் ஜெனரேட்டர் ஒரே உதறலில் கிளம்பியது. ஆஸ்பத்திரி முழுக்க வெளிச்சம். தொட்டியின் பல்புகளும் எரிந்தன.

என் மகள் எழுந்து உட்கார்ந்தாள். "கரண்ட் வந்துடுச்சும்மா! எடுத்துனு போய்த் தொட்டில வை, சீக்கிரம்."

நான் எழுந்து போய் வைத்தேன். வேறு என்ன செய்வேன்? பாய் வாசலிலேயே நின்று, நனைந்த தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

வேலையை நான் விடவில்லை. வீட்டில் சாப்பிடுகிற வாய்கள் இருந்தன. மறுவாரமே டாக்டர் பெட்டியைத் துடைக்கச் சொன்னார், துணியை எடுக்கச் சொன்னார், புதுப் பேட்டரி போட்டார். கொஞ்ச காலம் வாரம் தவறாமல் மணி அடித்தது. அது அடிக்கும்போதெல்லாம் நான் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு வந்து பார்ப்பேன். பிறகு தேரடித் தெருவிலிருந்து ஒரு பெரிய வீட்டுக்காரர் நெஞ்சுவலியென்று வந்து படுத்தார். மணி அடித்ததும் அவர் தம்பி டாக்டரோடு கூச்சல் போட்டார். சாயங்காலம் பார்த்தால் மணியில் புதுத் துணி இருந்தது.

அடுத்த ஆயுத பூஜைக்கு டிரைவர் சந்தனக் கிண்ணத்தோடு பெட்டி முன் வந்து நின்றார். நான் குறுக்கே போய் நின்றேன்.

"தம்பி, பல்பு மேல மட்டும் வேணாம்பா."

"சாமின்னு கும்புட்டுட்டு மூஞ்சில பொட்டு இல்லாம உடலாமா ஆயாம்மா? போன வருஷம் நடந்ததுக்கே, பூஜையில ஏதோ கொறை வெச்சிட்டோமோன்னுதான் எனக்குத் தூக்கம் வர்ல."

அவர் கண் கலங்கியிருந்தது. அந்த மழையில் ஓடியவர் அவர்தான். நகர்ந்துகொண்டேன். இந்தத் தடவை சந்தனத்தை இன்னும் கெட்டியாக வைத்தார். நான் வேலையிலிருந்து நிற்கிறவரை வருஷா வருஷம் அப்படித்தான்.

என் மகளுக்கு அப்புறம் பிள்ளைகள் பிறந்தார்கள். எல்லாம் வீட்டிலேயே. இதை எழுதுகிறவளும் அவள் வயிற்றில் பிறந்தவள்தான்.

எழுதினது போதும், பேனாவை மூடு. முதலிலிருந்து படி, கேட்கிறேன். பிள்ளை என் தாலிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டது என்று வருகிறதே, அதுவரைக்கும் படி. அங்கேயே நிறுத்திவிடு.