மாமியார் முன்னால் கேட்ட கேள்வி

பூங்கொடியின் தைராய்டு ரிசல்ட்டைப் பார்த்ததும் சாம்பிள் மாறிவிட்டதோ என்றுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. புதுச்சத்திரம் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் லேப் டெக்னீசியன். கர்ப்பிணிகளுக்கு முதல் தடவை ரத்தம் எடுக்கும்போது சர்க்கரை, ஹீமோகுளோபினோடு டிஎஸ்ஹெச்சும் பார்ப்போம். உடம்பில் தைராய்டு குறையக் குறைய அது ஏறும்; இந்தப் பெண்ணுக்கு எகிறிப்போய் இருந்தது. அவளுக்கு மூன்றாம் மாதம் நடந்துகொண்டிருந்தது.

ரத்தம் எடுத்த அன்று வழக்கம்போலக் கேட்டிருந்தேன். "ஏதாவது மாத்திரை சாப்பிடுறியா அம்மிணி?"

பதில் சொன்னது அவள் மாமியார் ருக்குமணியம்மாள். "இவளுக்கென்னங்க, ஒரு தலவலின்னு படுத்தவ இல்லீங்க." பூங்கொடி தலையை ஆட்டினாள். விட்டால் மருமகளுக்கு மூச்சையும் அந்த அம்மாளே விடுவார் போலிருந்தது.

மறுபடி ரத்தம் எடுக்க வரச் சொன்னேன். அன்றும் இருவரும்தான் வந்தார்கள். கணவன் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வடக்கே போயிருந்தான். ருக்குமணியம்மாளை ஓ.பி. சீட்டு வாங்க வரிசைக்கு அனுப்பிவிட்டு, பூங்கொடியின் கையில் ரப்பரைக் கட்டிக்கொண்டே கேட்டேன்.

"நெசத்தச் சொல்லு. தைராய்டு இருக்கறது முன்னாடியே தெரியுமா?"

அழுதுவிட்டாள். "காலேஜ் படிக்கறப்பருந்து மாத்திரை போடறேனுங்கக்கா. பொண்ணு பாக்க வந்தப்ப வெளிய சொல்லக் கூடாதுன்னு எங்கம்மா சத்தியம் வாங்கிருச்சு. கல்யாணத்துக்கு அப்புறம் ஒளிச்சு வச்சுச் சாப்பிட்டேன். உண்டானதுலருந்து அத்தை காலைல கூடவே நிக்கறாங்க. மாத்திரை புள்ளைக்கு ஆகாதோன்னும் பயம். உட்டுட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

"ஆகாதது மாத்திரை இல்ல சாமி, அத நிறுத்துனதுதான். மொத மூணு மாசம் புள்ளையோட தைராய்டு வேலை செய்யாது. மூளை வளர வேண்டியது உன் ரத்தத்துலருந்துதான் போகணும். உனக்கே இல்லேன்னா அது எங்க போயி வாங்கும்?"

"ஊட்டுல தெரிஞ்சா என்னையத் திருப்பி அனுப்பிருவாங்கக்கா."

டாக்டரம்மாவிடம் தனியாகச் சொன்னேன். அவர் ருக்குமணியம்மாளை உட்காரவைத்துப் பேசினார். "ரத்தத்துல தைராய்டு கம்மியா இருக்கு. குழந்தை மூளை வளர இந்த மாத்திரை கட்டாயம். வெறும் வயித்துல தண்ணியோட. அரை மணி நேரம் காபி கூடாது. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரையெல்லாம் நாலு மணி நேரம் கழிச்சு." எப்போதிலிருந்து என்று டாக்டரும் சொல்லவில்லை, ருக்குமணியம்மாளும் கேட்கவில்லை.

அடுத்த ரிசல்ட்டில் டிஎஸ்ஹெச் இறங்கியது, அதற்கடுத்ததில் சரியானது. அந்தத் தாளை வாங்க ருக்குமணியம்மாள் தனியாக வந்தார். "தெனம் நாந்தானுங்க எழுப்பி மாத்திரை குடுக்கறேன்" என்றார். சொல்லிவிட்டுப் போகாமல் நின்றார்.

"இது அவளுக்கு முன்னாடியே இருந்துருக்குதுங்க. பீரோவுல பழைய மாத்திரை அட்டை கெடந்துச்சு."

நான் ரிசல்ட் தாளை மடித்து அவரிடம் நீட்டினேன்.

"கல்யாணத்துக்கு முந்தி சொல்லியிருந்தா, இந்தப் பொண்ணு வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேனுங்க. அது அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. என்னையக் கண்ட பயத்துல, எம் பேரப்புள்ளைக்குப் போய்ச் சேர வேண்டியது போகாம நின்னுருச்சுங்களே."

அவர் கண் கலங்கிவிட்டது. குறை வராது என்று என்னால் சொல்ல முடியவில்லை. இனி ஒரு நாளும் விடாமல் கொடுங்கள், பிறந்ததும் குழந்தைக்கும் பார்ப்போம் என்றேன்.

"நான் பாத்தது அவளுக்குத் தெரிய வேண்டாமுங்க. மறுபடி பயந்துக்குவா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெண் குழந்தை பிறந்தது. குதிகாலில் எடுத்த ரத்தத்தில் தைராய்டு சரியாக இருந்தது. அப்பாடா என்று உட்கார்ந்தேன். ஆனால் வயிற்றில் மாத்திரை விட்டுப்போன நாட்களை அந்த ரத்தம் சொல்லாது; இப்போதும் தடுப்பூசிக்கு வரும்போதெல்லாம் அதன் முகத்தைத்தான் உற்றுப் பார்க்கிறேன்.

லேப் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன். கர்ப்பிணியிடம் மாத்திரையைப் பற்றித் தனியாகக் கேளுங்கள். கூட வந்தவர் நல்லவராகவே இருக்கட்டும், வெளியே அனுப்புங்கள். அவர் முறைப்பார். முறைத்துவிட்டுப் போகட்டும், உள்ளே ஒரு பிள்ளைக்கு மூளை வளர்ந்துகொண்டிருக்கிறது.